இருபத்து மூன்றாம் பெயர்

சந்திரகாந்தா தன் வாழ்நாளில் எத்தனை பொய் சொன்னாள் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பொய்க்கு மட்டும் நாளும் இடமும் உண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, காலைத் தேநீர் வேளை. இலங்கையின் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில், கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த இடம்.

பொய் ஒரு சீனத்து நாடகத்தைப் பற்றியது. நான்கு ஆண்டுகளாக வாரநாட்களில் மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த குடும்பக் கதை அது. குரலெல்லாம் சிங்களம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களில் பலருக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். சந்திரகாந்தா சிறுவயதில் கண்டியில் ஒரு வீட்டில் ஆறு ஆண்டுகள் வேலைக்கு இருந்தவள். ஆகவே முதல்நாள் மாலை அவள் கண்டதை மறுநாள் காலை மலையில் தமிழில் சொல்லுவாள். அந்த நாடகத்துக்குத் தமிழ்க் குரல் அவள் ஒருத்திதான்.

அவள் வாயில் அந்தக் குடும்பம் மலையேறி வந்து குடியேறிவிட்டது. மூத்த மருமகள் மெய்லின், மயிலு ஆனாள். மாமனார், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி ஆனார். மருமகள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மாமியாருக்குத் தேநீர் கொடுக்கும் காட்சியைச் சொன்னபோது, தொலைக்காட்சியில் அதைப் பார்த்திருந்த வேலம்மா, "அந்தக் கோப்பையில மெதந்த எலையப் பாத்தியா? முத்தல். நம்ம கணக்கப்புள்ள பாத்தா கூடையோட திருப்பி அனுப்பிருவாரு" என்றாள். ஆயினும் அந்த ஆண்டுப் பொங்கலன்று லயத்தில் நான்கு வீடுகளில் மருமகள்மார் இரண்டு கையாலும் தேநீர் நீட்டினார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் திருப்பி நீட்டினாள். தினுஷா தன் பெண் குழந்தைக்கு மெய்லின் என்று பிறப்புப் பதிவே செய்துவிட்டாள்.

கதையின் முடிச்சு ஒரு புத்தகம். அந்தச் சீனக் குடும்பத்தில் பதினெட்டுத் தலைமுறை ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்ட புத்தகம் ஒன்று இருந்தது. கணவனை இழந்து, வீட்டைத் தாங்கி நின்ற மயிலு தன் பெயரையும் அதில் எழுதக் கேட்டாள். எழுதுவாரா மாட்டாரா என்று தெரியாதபடி பெரிய கங்காணி இரண்டு மாதமாக இழுத்தடித்தார்.

சந்திரகாந்தா அந்த இரண்டு மாதமும் கதையைச் சற்று மெதுவாகவே சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் ஒரு நோட்டு உண்டு. திருவிழா நாளில் கோயில் செயலாளர் இந்திரகுமார் அதைப் பார்த்து வீட்டுக்கு ஒரு பெயராக வாசிப்பார். வாசிக்கப்பட்ட வீட்டின் அர்ச்சனைத் தட்டைப் பூசாரி வாங்குவார். வீட்டு ஆண் இறந்தால் பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு, மகன் தலையெடுக்கும்வரை அந்த வீட்டை நெருங்கிய ஆண் உறவின் பெயரோடு சேர்ப்பது வழக்கம். சந்திரகாந்தாவின் கணவர் சுந்தரலிங்கம் 2022 மார்ச்சில் இறந்தார். அவர் நோட்டில் இருபத்து மூன்றாம் பெயர். மகன் இல்லை, தர்ஷிகா என்ற ஒரே மகள் மாத்தளையில் உயர்தர வகுப்பு படிக்கிறாள். ஆகவே 2023 திருவிழாவில் கணவரின் தம்பி ஜெயக்காந்தனின் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் தம் தட்டிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்து, "இந்தாங்க மதினி" என்று கொடுத்தார். அந்த ஒற்றை மூடியை அவள் சமைக்கவில்லை. காய்ந்து சுருங்கும்வரை அடுக்களைத் தட்டிலேயே வைத்திருந்தாள்.

இந்த ஆண்டு தன் பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மே ஆறாம் திகதி மாலை அடித்த காற்றில் ஒரு சவுக்கு மரம் மின்கம்பியில் சாய்ந்தது. அந்த வாரம் முழுவதும் லயத்தில் மின்சாரம் இல்லை. பெரிய கங்காணி பேனா எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்த வாரமும் அதுதான்.

"ஏய் காந்தா, என்னா வாயத் தொறக்க மாட்டேங்குற?" என்றாள் வேலம்மா. "கரண்டு இல்லாட்டி என்னா, ஒம் மக போன்ல பாத்திருப்பியே. அந்தக் கெழவன் எழுதுனானா இல்லியா?"

இருபது முகங்கள் அவளைப் பார்த்தன. பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "எழுதிட்டாரு" என்றாள். "மயிலு புருசன் பேருக்குப் பக்கத்துலயே. அவரு கையாலயே எழுதுனாரு."

தினுஷா கைதட்டினாள். வேலம்மா மட்டும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"அப்ப ஒம் பேரு?"

"எம் பேருக்கு என்னாக்கா?"

"சீனாவுலயே எழுதிட்டான். நம்ம கோயில் நோட்டுல எழுதுனா என்னா, அம்மன் எந்திரிச்சா போயிரும்? ஞாயித்துக்கெழமை கழிச்சு மறு ஞாயிறு கோயில் கூட்டம். நீ போய்க் கேளு. நாங்க வாறோம்."

மறைத்து வைத்திருந்த ஆசையை இன்னொருத்தி எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சந்திரகாந்தா "கேக்குறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குச் சீனி வாங்கப் போனாள். கடைக்காரி றுஸைனாவும் அந்த நாடகத்தை ஒரு நாளும் விடாதவள்.

"எழுதல்ல அக்கா!" என்றாள் றுஸைனா. "புஸ்தகத்தப் படார்னு மூடிட்டாரு. அந்தப் புள்ள பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா. எனக்கு அழுகையே வந்துட்டு. நீங்க பாக்கல்லியா?"

சீனியை மறந்துவிட்டு, சந்திரகாந்தா பாதி வழி நடந்த பிறகு திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கூட்டம் முடியும்வரை ஒருவேளை யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் பொய்யின் மேல் நின்று பெயர் கேட்டால், கிடைக்கும் பெயரும் அதன் மேல்தான் நிற்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கூடையை இறக்கியதும் நின்றபடியே சொன்னாள்: "நான் அன்னிக்குச் சொன்னது பொய். நான் பாக்கல. அந்தாளு எழுதவும் இல்ல."

"அப்ப நான் சும்மாவா கைதட்டுனேன்?" என்றாள் தினுஷா.

"நாலு வருசமா எத்தனைய இப்படி அவுத்து விட்டியோ!" என்றாள் வேலம்மா. சந்திரகாந்தா தலைகுனிந்தாள். வேலம்மா வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு தொடர்ந்தாள்: "போறான், சீனாக்காரன். அவன் நோட்டு அவன் வூட்டுல. நம்ம நோட்டு இந்திரகுமாரு வூட்டுலதானே கெடக்கு. நீ கேக்கப் போறியா, இல்லியா?"

"போறேன்."

பத்தொன்பதாம் திகதிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றபோது ஆண்களிடையே சிரிப்பு எழுந்தது. கதை லயமெங்கும் பரவியிருந்தது.

"மதினி, நான் இருக்கையில ஒங்களுக்கு என்னா கொற?" என்றார் ஜெயக்காந்தன். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. "சீனா நாடகத்தப் பாத்துட்டா கோயிலுக்கு வந்து நிக்கிறீங்க?"

"ஆமா தம்பி, பாத்துட்டுத்தான் வந்தேன். நாடகத்துல எழுதல. அதனாலதான் இங்க வந்தேன். ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க வூடு எங்க வூடா இருக்கணும், அவ்வளவுதான்."

செயலாளர் இந்திரகுமார் மெலிந்த, எவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். "யோசிச்சுச் சொல்றோங்க்கா" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

யோசித்த முடிவு எதுவும் வரவில்லை. இருபத்து நான்காம் திகதி வெள்ளிக்கிழமை திருவிழா. சந்திரகாந்தா ஜெயக்காந்தனின் தட்டில் தன் தேங்காயை வைக்கவில்லை. சொந்தத் தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய், சூடம் எல்லாம் வைத்து வரிசையில் நின்றாள். தர்ஷிகா பக்கத்தில் நின்றாள்.

இந்திரகுமார் வாசித்துக்கொண்டே வந்தார். இருபத்து இரண்டு, கிஷாந்த். கிஷாந்தின் தட்டு போயிற்று. அடுத்து, "இருபத்தி நாலு, கஜீபன்" என்றார்.

தட்டு வரவில்லை. அதை ஏந்தி நின்றவள் கஜீபனின் மனைவி தினுஷா. இடுப்பில் குழந்தை, கையில் தட்டு, கால் நகரவில்லை.

"புள்ள, குடு" என்று கஜீபன் முணுமுணுத்தான்.

"இருபத்தி மூணு வரலியே. நான் எப்படி முன்னுக்குப் போறது?"

அவளுக்குப் பின்னால் வேலம்மாவும் நின்றாள். அவளுக்குப் பின்னால் மலையில் வட்டமாக உட்கார்ந்த அத்தனை பேரும். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பூசாரி வெறுங்கையை நீட்டியபடி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஜெயக்காந்தனைப் பார்த்தார். ஜெயக்காந்தன் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்திரகுமார் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஏதோ எழுதினார். "எழுதிட்டேன்க்கா. அம்பத்தெட்டாவதா வரும். கொஞ்சம் பொறுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது என்று பலர் மூச்சுவிட்டார்கள். சந்திரகாந்தா நகரவில்லை.

"அம்பத்தெட்டு வேணாந் தம்பி. இருபத்தி மூணுல எழுதுங்க. எங்க வூட்டுக்காரரு அங்கதானே இருந்தாரு."

"அங்க செவப்புக் கோடு போட்டிருக்கேக்கா, எடமில்ல."

"கோட்டுக்கு மேல கொஞ்சம் எடம் இருக்கும். பொடிசா எழுதுங்க. நான் நிக்கிறேன்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஐம்பத்தெட்டை அடித்தார். பிறகு, கோட்டுக்கு மேலிருந்த ஒரு விரற்கிடை வெள்ளையில், குனிந்து, நேரமெடுத்து எழுதினார். நிமிர்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருபத்தி மூணு. சந்திரகாந்தா."

பூசாரி தட்டை வாங்கினார். தேங்காய் ஒரே அடியில் பிளந்தது. திரும்பி வந்த தட்டில் இரண்டு மூடிகளும் இருந்தன. அவள் அதை மகளிடம் கொடுத்துவிட்டு, தினுஷாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.