மூன்று கார்களின் முகவரி

கிளிஞ்சல்மேட்டில் நீலாயதாட்சியின் வீட்டுக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கனத்த, வழவழப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் கார்கள். உறையில் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் சரியாக இருக்கும். பெயர் மட்டும் நிகில் சந்த் என்றிருக்கும். அப்படி ஓர் ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை. தபால்காரர் முதல் இரண்டு முறை திருப்பி எடுத்துப் போனார். மூன்றாம் முறை, "நம்பர் ஒங்களுதுதானேம்மா" என்று சொல்லி வாசலில் வைத்துவிட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

நீலா அந்தப் புத்தகங்களை அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்டு வைத்தாள். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் மகள் தீபா மட்டும் அவ்வப்போது ஒன்றை உருவிப் பார்ப்பாள். "அம்மா, போன வருஷம் ஜெர்மனில ஒரு பழைய காரு ஏலத்துல ஆயிரம் கோடிக்கு மேல போச்சாம். உலகத்துலயே அதான் பெரிய வெலையாம்" என்றாள் ஒருநாள்.

"ஓடுமா அது?" என்று கேட்டாள் நீலா.

"ஓடும். ஆனா யாரும் ஓட்ட மாட்டாங்க."

அன்று அவள் எட்டு மணிநேரம் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்துவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. சோற்றைப் பிசைந்தால் காந்தும் என்று கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சுனாமியில் சொந்தக் கட்டுமரமும் மாமியாரும் ஒரே காலையில் போன பிறகு, கணவன் காத்தமுத்து படகு என்று எதையும் வாங்கவில்லை. பிறருடைய விசைப்படகில் கூலிக்குப் போனான். நீலா இறால் கம்பெனிக்குப் போனாள். காலை ஆறு மணிக்கு வேன் வரும். அதைத் தவறவிட்டால் அன்றைய வேலை போய்விடும். பதினெட்டு ஆண்டுகளில் அவள் வேனைத் தவறவிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2023 ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அதற்காக மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தரும். பட்டியல் ஒட்டிய அன்று காத்தமுத்து போய்ப் பார்த்தான். அவன் பெயர் இல்லை. இரண்டு நாள் கழித்து ரேஷன் கடையில், அவர்களுடைய சிவப்பு அட்டை மஞ்சளாக மாற்றப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். சிவப்பு ஏழைகளுக்கு, மஞ்சள் வசதியானவர்களுக்கு.

"நம்ம எப்ப வசதியானோம்?" என்று கேட்டான் காத்தமுத்து. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

நீலா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ரேஷன் அட்டை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாவது அலுவலகத்தில் அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். இப்படி நான்கு வாரம் கழிந்தது. வாரத்தில் ஒருநாள்தான் அவளால் லீவு போட முடிந்தது. ஐந்தாவது வாரம் போக்குவரத்துத் துறையில் சிவநாதன் என்ற கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அம்பகரத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற ஓராண்டு இருந்தது. அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் கணினியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க வீட்டு அட்ரஸ்ல மூணு காரு ரிஜிஸ்டர் ஆயிருக்கு. ஒரு ரோல்ஸ் ராய்ஸ், ஒரு பென்ட்லி, ஒரு லம்போர்கினி. மூணும் சேத்து பதினெட்டு கோடி வரும்."

நீலாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "எங்க வீட்டுல ஒரு சைக்கிள்தான் சார் இருக்கு. அதுவும் பஞ்சரு" என்றாள்.

சிவநாதன் பொறுமையாக விளக்கினார். இத்தனை விலையுள்ள காரை வெளி மாநிலத்தில் பதிவு செய்தால் வரியே கோடிக்கணக்கில் போகும். இங்கே, யூனியன் பிரதேசத்தில், அதில் சின்னப் பங்குதான். ஆனால் இங்கே பதிய வேண்டுமென்றால் இங்கே குடியிருக்க வேண்டும். ஆகவே சிலர் இங்கே குடியிருப்பதாகக் காகிதம் காட்டுவார்கள். கார்களின் சொந்தக்காரர் நிகில் சந்த் ஹைதராபாத்காரர். அந்த மாநிலத்திலிருந்து இப்போது விசாரணை வந்திருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று கார் என்று கணக்கெடுப்பிலும் ஏறியதால் அட்டை மாறிவிட்டது.

"நான் யாரையும் குடி வெக்கலியே சார்."

அவர் ஒரு நகலை அவள் பக்கம் திருப்பினார். வாடகை ஒப்பந்தம். கீழே, கோணல்மாணலாக, அவளுடைய கையெழுத்து. 'நீ'யின் சுழியை அவள் எப்போதும் பெரிதாகப் போடுவாள். அப்படியே இருந்தது.

"இது ஒங்க கையெழுத்துதானே?"

நீலா நகலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

யோசிக்க ஒன்றுமில்லை. பார்த்ததுமே நினைவு வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சோமு கொண்டுவந்த தாள் அது.

சோமு அடுத்த தெருக்காரன். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு எல்லாம் முடித்துத் தரும் புரோக்கர். திருநள்ளாற்றுக்குச் சனி பகவானைக் கும்பிட வரும் பெரிய பணக்காரர்களுக்கு அறையும் அர்ச்சனையும் ஏற்பாடு செய்வான். அப்படித்தான் அவனுக்குப் பெரிய இடத்துப் பழக்கம் உண்டானது. ஆனால் நீலாவுக்கு அவன் அதற்கும் முன்பே தம்பி மாதிரி. படகில் வலை இழுக்கும் விஞ்சில் காத்தமுத்துவின் இடக்கை சிக்கிய அன்று, தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓட்டிப் போனவன் சோமு. இருக்கையெல்லாம் ரத்தம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான். இரண்டு விரல் போயிற்று, கை பிழைத்தது. அடுத்த வருடம் அவன் வந்து, "அக்கா, ஒரு ஃப்ரெண்டுக்கு அட்ரஸ் வேணும், ஒரு கையெழுத்து போடு" என்றபோது அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பொய்யான காகிதம் என்று அரைகுறையாகத் தெரிந்துதான் போட்டாள். அதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நேராக சோமு வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி சந்திரலேகா டீ போட உள்ளே போனாள்.

"ஏன்டா தம்பி, இப்படிப் பண்ணிட்ட?"

சோமுவின் முகம் கறுத்திருந்தது. அவனுக்கு முன்பே தகவல் வந்திருந்தது. "தப்புதான்க்கா. ஒரு காருன்னுதான் அந்த ஹைதராபாத்காரன் சொன்னான். அதே பேப்பர வெச்சு மூணா ஏத்திட்டான். இப்ப நீ தெரியாதுன்னு சொன்னா நான் உள்ள போயிடுவேன். ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவரு ஒங்க வீட்டுல வாடகைக்கு இருந்தாரு, மாசத்துக்கு நாலு நாளு வந்து தங்குவாருன்னு சொல்லு. வக்கீலே வருவாரு. நீ ஆமான்னு சொன்னாப் போதும்."

"எங்க அட்டை?"

"அதெல்லாம் அவங்களே சரி பண்ணிக் குடுப்பாங்க. தீபா படிப்பையும் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

டீயைக் குடித்துவிட்டு அவள் எழுந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் காத்தமுத்து மூன்று விரல் கையால் கிழிந்த வலையின் கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். "எதையாவது சொல்லிட்டு வா நீலா. எனக்கு அலுத்துப்போச்சு" என்றான். தீபா கோபப்பட்டாள். "அவங்க தப்புக்கு நம்ம ஏம்மா பொய் சொல்லணும்? நாளைக்கு நம்மளையும் சேத்துப் பிடிப்பாங்க." இரண்டு பேர் சொன்னதும் நீலாவுக்குச் சரியாகத்தான் பட்டது.

ஜூன் மாதக் கடைசியில் விசாரணை வைத்தார்கள். பத்து மணிக்கு என்றார்கள். கூப்பிட்டபோது மூன்று ஆகியிருந்தது. மின்விசிறி ஓடாத வராந்தாவில் நீலா அதுவரை உட்கார்ந்திருந்தாள். ஹைதராபாத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், சிவநாதன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நிகில் சந்தின் வக்கீல். சுவரோரம் சோமு நின்றிருந்தான். அவள் உள்ளே போனபோது ஆமாம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். சோமுவைப் பார்த்ததும் அது இன்னும் உறுதியாயிற்று.

வக்கீலே முதலில் பேசினார். நல்ல தமிழ். "என் கட்சிக்காரர் கடற்காற்றுக்காக இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். இந்த அம்மாவின் வீட்டு மாடியறையில் தனி வாசலோடு தங்கினார். வாகனங்களை வீட்டு வளாகத்திலேயே நிறுத்தினார். அப்படித்தானே அம்மா?"

நீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேர் இத்தனை மாதமாகக் காகிதம் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்த வீட்டை வந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதுகு வலித்தது. பொய்யை அவர் சொன்ன அளவுக்குத் தூக்கிச் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை.

"சார், எங்க வீட்டுக்கு மாடியே கெடையாது" என்றாள்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவநாதன் கையமர்த்தி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"ஒரு கூடம், ஒரு அடுப்படி. நாங்க மூணு பேரு படுத்தா நடக்க எடம் இருக்காது. அந்த ஆளை நான் பாத்ததே இல்ல. கையெழுத்து என்னுது. சோமு கேட்டுச்சு, போட்டேன். அது எங்க வீட்டுக்காரர் உசுரக் காப்பாத்துன புள்ள, அதான் போட்டேன். படிக்காம போட்டது என் தப்பு. அதையும் எழுதிக்கிங்க."

சிவநாதன் எழுதினார். அவள் சொன்னதை அவளுக்கே படித்துக் காட்டினார். இந்த முறை கையெழுத்துப் போடுமுன் அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. சோமு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பின் நடந்தவை மெதுவாக நடந்தன. நிகில் சந்த் தன் மாநிலத்தில் வரியையும் அபராதத்தையும் கட்டிவிட்டார். அவருக்கு அதோடு முடிந்தது. சோமு இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். புரோக்கர் தொழில் போயிற்று. திருப்பூருக்கு வேன் ஓட்டப் போய்விட்டான். நீலாவை எச்சரித்து விட்டார்கள். சிவப்பு அட்டை நவம்பரில் திரும்பி வந்தது. அந்த ஆண்டின் நிவாரணம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவளும் அதைக் கேட்டு நடக்கவில்லை.

டிசம்பரில் கடைசியாக ஒரு கையெழுத்துப் போடச் சிவநாதனின் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பதிவை ரத்து செய்யுமுன் எஞ்சின் எண்களைச் சரிபார்க்க ரோல்ஸ் ராய்ஸை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். அலுவலக முற்றத்தில், வேப்பமரத்தடியில், வெள்ளையாக, ஒரு சின்னப் படகு நீளத்துக்கு நின்றிருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீலா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பார்த்தால் ஆத்திரம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

படியில் சீருடையோடு ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். சித்தூர்க்காரர், தமிழ் பேசினார். பெயர் சுந்தரமூர்த்தி. முந்தின நாள் காலையில் கிளம்பி வழியெல்லாம் மெதுவாக ஓட்டி வந்திருந்தார்.

"நீங்கதான் அந்த வீட்டம்மாவா?" என்றார். அவள் தலையாட்டினாள். "ஓனர் இதுல மொத்தமே மூணு தடவதான் ஏறியிருப்பாரும்மா. வாரம் ஒருவாட்டி நான் ஸ்டார்ட் பண்ணி வெக்கணும், தொடைக்கணும். அவ்வளவுதான். நாலு வருஷமா இதான் வேல. உள்ள ஒக்காந்து தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

"சாப்டீங்களா?"

"வண்டிய விட்டுட்டு எங்க போறது?"

நீலா தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறும் மத்திமீன் குழம்பும். மூடியில் பாதியைப் போட்டு அவரிடம் கொடுத்தாள். இருவரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காக்கை ஒன்று காரின் மேல் எச்சமிட்டது. அவர் பதறி எழப்போனார். பிறகு, "சாப்டுட்டே தொடைக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கை கழுவியதும், "ஒருதடவ ஏறி ஒக்காந்து பாக்கறீங்களா? கால் நீட்டிக்கலாம்" என்றார்.

"வேணாம் தம்பி. ஒக்காந்துட்டா எழுந்திரிக்க மனசு வராது. நாளைக்கு வேலைக்குப் போகணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். கிளிஞ்சல்மேட்டில் இறங்கியபோது குழாயடியில் சந்திரலேகா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவள் நீலாவோடு பேசுவதில்லை. அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீலா கடந்து போகாமல் நின்றாள்.

"சோமு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுது அங்க?" என்று கேட்டாள்.

சந்திரலேகா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். இரண்டடி போனாள். திரும்பாமலே, "மெஸ்ஸுல" என்றாள்.

நீலா வீட்டைப் பார்த்து நடந்தாள்.