மாமா கிட்டே வந்த வருஷங்கள்

சரளைப் பாதையில் ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து நடந்தால் ஒரு சத்தம் வரும். கல் நறுக்கென்று மிதிபடும், பிறகு பொடிச்சரளை சர்ரென்று உராயும். அதைக் கேட்டால் என் அத்தை வீட்டு மாமா வருகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வரிசை வீடுகளாக எங்கள் லயம் இருந்தது. வாசல் திண்ணையான ‘இஸ்தோப்பில்’ உட்கார்ந்தால் எதிரே தண்ணீர் விழும் ‘பீலி’, அதற்கு மேலே தேயிலைக்குள் பாதை திரும்பும் வளைவு. அந்த வளைவில் வருகிறவர்களுக்கு மூஞ்சி இருக்காது. தூரத்தில் இருக்கும்போது மனுசருக்கு மூஞ்சி கிடையாது, கிட்டே வந்தால்தான் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணி ஒருவரிடமும் சொல்லவில்லை. நடையையும் சேலை நிறத்தையும் இருமலையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்தேன். கண்ணை இடுக்கிப் பார்ப்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை ‘அரைக்கண்ணி’ என்பார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை பூவாயி. எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள், பிள்ளை இல்லை, என்னைத்தான் மடியில் போட்டு வளர்த்தாள். எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் மாமா காய்ச்சலில் செத்துப்போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், மூட்டம் இறங்குகிற நேரம், அத்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வளைவில் ஓர் உருவம் காலை இழுத்து நடந்தது. அவர் செத்தது அந்த நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. “அத்தை, மாமா வர்றாரு” என்றேன்.

அத்தை எழுந்து போய்ப் பார்த்தாள். அதற்குள் மூட்டம் மூடிவிட்டது. திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மூஞ்சி தெரிஞ்சுச்சா?” என்று கேட்டாள்.

“இல்லைங்க அத்தை. மூஞ்சி இல்லை.”

“அப்ப அவருதான்” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வேலைவிட்டு வந்ததும் என்னை இஸ்தோப்பில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வாள். சில நாள் ஒன்றும் இருக்காது, சில நாள் மூஞ்சி இல்லாத யாராவது வருவார்கள். இருப்பதைச் சொல்வேன். மறு வருஷம் வளைவு எனக்கு ஒரு பச்சைக் கறையாகிவிட்டது. பீலியில் நிற்கிறவர்களுக்கே மூஞ்சி இல்லாமல் போனது. அதையும் சொன்னேன். அத்தைக்கு முகம் வெளுத்தது. “கிட்ட வர்றாரு” என்றாள். பிறகு அட்டனுக்குச் சாமான் வாங்கப் போவதைச் சொல்வதுபோல, “வாசலுக்கு வந்தா கூப்பிடுவாரு. கூப்பிட்டா போயிற வேண்டியதுதானே” என்றாள். அன்றிலிருந்து சோற்றைப் பாதி தின்று மீதியை இஸ்தோப்பு ஓரத்தில் இலையில் வைக்கத் தொடங்கினாள். ஆள் குச்சியாக இளைத்துப்போனாள். அவளை மாமா கூட்டிக்கொண்டு போய்விடுவாரே என்று நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினேன்.

கோடாங்கிக்காரர் வந்து என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அம்மா பொன்னாங்காணி வதக்கி ஊட்டினாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும், பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஆளனுப்பினார். அப்பா கேட்கவில்லை. “கண்ணாடி போட்டா கண்ணு அதுக்குப் பழகி இருக்கிறதும் போயிரும். பொட்டப்புள்ள வேற. நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றார்.

அடுத்த மழை வந்தது. ஒரு மத்தியானம், நேரம் காலம் தெரியாத இருட்டு மழை. நானும் அத்தையும் காம்பராவுக்குள் இருந்தோம். இஸ்தோப்பு முனையில், கூரைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், தலையில் சாக்குப் போர்த்திய உருவம் ஒன்று வந்து நின்றது. குனிந்தது, ஒரு காலைத் தூக்கியது, இழுத்து வைத்தது.

“யாருன்னு பாரு” என்றாள் அத்தை, மெதுவாக.

“தெரியலைங்க அத்தை. மூஞ்சி இல்லை.”

அத்தை எழுந்தாள். பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்து உடுத்தியிருந்த சேலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், அவள் நிற்கவில்லை. மழையில் இறங்கிப் போய் அந்த உருவத்தின் கையைப் பிடித்து, “வாங்க, போவோம்” என்றாள்.

“எங்கடி போறது? விடு பூவாயி, அட்டை கடிச்சுக்கிட்டு கெடக்கு. புடுங்கிட்டு வாரேன்” என்றது உருவம். என் அம்மா. கொழுந்து மலையிலிருந்து வந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அத்தையின் கூறைச்சேலையைக் கண்டதும் அம்மா அட்டையை மறந்தாள். உள்ளே வந்து என் முன்னால் நின்றாள். “நான் நின்னது ஒனக்குத் தெரியலையா?”

“மூஞ்சி இல்லம்மா.”

“இப்ப?”

“இருக்கு.”

அம்மா ஓரடி பின்னால் போனாள். “இப்ப?” இன்னும் ஓரடி. வாசற்படியில் அவள் மூஞ்சி கரைந்து போனது. “போயிருச்சு” என்றேன். ஓரடி முன்னே வந்தாள், வந்தது. பின்னே போனாள், போனது. சேலை நனைந்து சொட்ட அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்கு மேல் அப்பாவால் மறுக்க முடியவில்லை. கண்டிக்குப் போய்க் கண்ணாடி வாங்கினோம். போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. மலையில் ஒவ்வொரு கொழுந்தும் தனித்தனியாக நின்றது. எல்லா மூஞ்சியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன.

அன்று சாயங்காலம் அத்தை வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். நான் வளைவைப் பார்த்தேன். பாதை, தேயிலை, ஒரு சவுக்கு மரம். “யாரும் இல்லைங்க அத்தை.”

அவள் என் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “இப்பப் பாரு.”

பார்த்தேன். பச்சைக் கறைக்குள் கறுப்பாக ஒன்று காலை இழுத்து அசைந்தது.

“இருக்காரு.”

“எங்க? பீலியிலயா?”

“இல்லை. வளைவுல.”

அத்தை பெருமூச்சு விட்டாள். “திரும்பிப் போயிட்டாரா. சரி, அங்கனயே இருக்கட்டும்” என்றாள். கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டாள். நான் உடனே பார்த்தேன், சவுக்கு மரம்தான் நின்றது. மறுநாள் விடிய அத்தை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாள், வந்து வயிறாரச் சாப்பிட்டாள். நரைத்துக் கிழவியாகும் வரைக்கும் இருந்தாள்.

என் கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போனது. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே வந்து கண் பார்க்கிறார்கள், மூஞ்சி இல்லாத ஆட்களைப் பற்றிப் பிள்ளைகள் யாரும் சொல்வதில்லை. அந்த லயம் இல்லை, பீலிக்குக் குழாய் வந்துவிட்டது, வளைவை வெட்டி ரோட்டை நேராக்கிவிட்டார்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றும் விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். அந்த வருஷங்களில் எங்கள் தோட்டத்தில் காலை இழுத்து நடக்கிற ஆள் வேறு யாராவது இருந்தாரா? நான் கேட்ட எல்லோரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.