குசினிச் சுவரில் ஒரு மரப்பெட்டி

மழைக்காலம் வந்தால் ரப்பர் புகைக்கூடத்தின் புளித்த வாடை குசினிக்குள் புகுந்து நாங்கள் தின்னும் சோற்றிலும் ஏறிவிடும். போர்டிக்சன் கடற்கரைக்குப் போகும் வழியில், சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. அம்மாவுக்கு, 'துரை' என்று நாங்கள் அழைத்த வெள்ளைக்கார மேனேஜரின் பங்களாவில் சமையல் வேலை. குசினியை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. குசினிச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் எண் எழுதிய சின்னச் சின்னக் கட்டங்களோடு ஒரு மரப்பெட்டி தொங்கியது. அதிலிருந்து புறப்பட்ட ஒயர் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் 'கிராணி' மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "கரண்டு மீட்டர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைக்காரர் போய், முதன்முதலாக ஒரு தமிழர் மேனேஜராக வந்தார். நம்ம ஆள் என்று தொழிலாளர் குடியிருந்த லயமே திரண்டு மாலை போட்டது. அவர் சாப்பாட்டறைக் கம்பளத்தை மாற்றச் சொன்னபோது, மேசைக்கடியில் தரையோடு பதித்த பித்தளைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. டவுனிலிருந்து வந்த ஒயர்மேன் பலகையைப் பெயர்த்து ஒயரைத் தொடர்ந்து போனார். அது எங்கள் மரப்பெட்டியில் வந்து முடிந்தது. காலால் மிதித்தால் குசினியில் மணி அடிக்கும், எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று எண் காட்டும். வாயைத் திறக்காமலே வேலைக்காரரை வரவழைக்க அந்தக் காலத்து வெள்ளைக்காரர் யாரோ செய்துவைத்து, பின்னால் பழுதாகிக் கிடந்த ஏற்பாடு.

மேனேஜர் அதைப் பிடுங்கி எறியச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். மனிதர் பழுதுபார்க்கச் சொன்னார்.

அன்று மாலையே மணி அடித்தது. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். மறுபடி அடித்தது, விடாமல் அடித்தது. கடைசியில் மேனேஜரே எழுந்து வந்து, மணி காதில் விழவில்லையா என்று கேட்டார்.

"விழுந்துச்சு சார். எம்பேரு அந்தோணியம்மா."

இதெல்லாம் ஒரு சிஸ்டம்லா என்று சிரித்தார். வெள்ளைக்காரனுக்காவது எங்கள் பெயர் நாக்கில் புரளாது. இவருக்கு என்ன கேடு? மாலை விழுந்த கழுத்து நிமிர்ந்ததோடு சரி, கால் மட்டும் பழைய துரையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்பை அணைத்தார். மறுநாள் விடிந்ததும் மூட்டை முடிச்சோடு சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். அதன்பின் அம்மா சி ரூசா கடற்கரைச் சாலையில் சாப்பாட்டுக் கடை போட்டு எங்களைக் கரையேற்றினார்.

இப்போது அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. வரிசையாகத் தாமான் குடியிருப்பு வீடுகள். போன வருஷம் பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதுல பாக்க என்னா இருக்கு? பசாருக்குப் போயி மீன் வாங்கிட்டு வா."