நான் கொண்டுபோன கோப்பை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவியும் மெல்பேர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நகரத்தில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த நாட்களில் மெல்பேர்னில் ஒரு தமிழரைக் காண்பது அபூர்வம். ரயிலில் நம்மைப் போல் ஒரு முகம் தெரிந்தால் பக்கத்தில் போய் உட்காருவேன். பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

ஒரு சனிக்கிழமை இத்தாலியக்காரரின் மரக்கறிக் கடையில் ஒருவர் தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய், "தமிழோ?" என்றேன்.

"ஓம்! ஓம்!" என்றார். தேங்காய் கை தவறி விழப் பார்த்தது.

என்னைவிடப் பத்து வயது இளையவர். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்கள் பூட்டும் வேலை. மனைவி ஊரில், விசாவுக்காகக் காத்திருந்தார். நான் அவரை அப்போதே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி சோறும் பருப்பும் போட்டாள். அவர் கண் கலங்கச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் கேட்கத் தொடங்கினேன். எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? மூன்றாவதாக, "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்றேன். அவருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

"கிழக்காலை, அண்ணை. குளத்துக்கு அங்காலை."

எனக்கு அது போதுமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நான் கேட்டது அவருடைய சாதியை. எங்கள் தகப்பனார் வீட்டில் எங்களுக்குக் குடிக்கப் பித்தளை மூக்குப்பேணி. குளத்துக்கு அங்கால் இருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பட்டம் பெற்று, கப்பலேறி, இத்தனை தூரம் வந்த பிறகும் அது என் கையிலேயே இருந்தது.

குசினிக்குள் போனேன். பிக்னிக் கூடையிலிருந்து ஒரேஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"ஆறு பீங்கான் கப் இருக்கு. உது என்னத்துக்கு?" என்றாள்.

குரலைத் தாழ்த்திக் காரணம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். தேநீரை அதில் ஊற்றினாள். ஆனால் கோப்பையைத் தொடவில்லை.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்கோ. நான் கொண்டு போகமாட்டன்."

நானே கொண்டுபோனேன். அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். என் கதிரைக்கு முன்னால் இருந்த பீங்கான் கோப்பையையும் பார்த்தார். ஒரேயொரு தடவைதான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். "தேத்தண்ணி நல்லாயிருக்கு, அக்கா" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார். எழுந்து போய்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் கொக்கியில் தொங்குகிற ஏதோ ஒரு கோப்பையை எடுத்துக் குடிப்பேன். எனக்கு முன் அதில் குடித்தவர் வெள்ளைக்காரர். எனக்குப் பின் குடித்தவரும் வெள்ளைக்காரர். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அங்கே அப்படிக் குடித்துவிட்டு வந்து, வீட்டில் நான் கோப்பை பிரித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்குக்கூட எனக்கு அப்போது வெட்கம் இருக்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் சனிக்கிழமைகளில் வந்தார். தனிமையால் வந்தார். நான் கூப்பிட்டும் வந்தார். எங்கள் சலவை இயந்திரம், எண்ணெய் ஹீட்டர், காரின் பிரேக் எல்லாம் அவர் கையால்தான் ஓடின. தேநீர் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எனக்கே தெரியாத வேலையில் அவருக்குப் புத்தி சொல்வேன். ஒருநாள், "உம்மட இங்கிலீசு இந்த மெசினுக்கெண்டாலும் விளங்குதோ?" என்று கேட்டு நானே சிரித்தேன்.

"மெசினுக்கு இங்கிலீசு வேண்டாம், அண்ணை. எண்ணெய் போதும்" என்று அவரும் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரேஞ்சுக் கோப்பையைக் கொண்டுபோனது எப்போதும் நான்தான்.

ஒரு குளிர்காலப் பின்னேரம், நான் கூப்பிடாமலே வந்தார். கையில் பழுதுபார்க்கும் ஆயுதப் பெட்டி இல்லை. உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"அண்ணை, அவவுக்கு விசா கிடைச்சிட்டுது. வாற மாசம் வாறா."

"நல்ல செய்தி! நேரே இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அவர் அசையவில்லை. "ஒண்டு கேக்கவேணும், அண்ணை. கோவிக்கக் கூடாது."

"கேளும்."

"இஞ்சைதான் கூட்டிக்கொண்டு வருவன். எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்? அவ வரேக்கை..." குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "நீங்கள் குடிக்கிற கப்பிலையே அவவுக்கும் குடுப்பியளோ? எனக்கு அந்த ஒரேஞ்சுக் கப் போதும். எனக்குப் பழகிட்டுது. அவவுக்கு நான் எழுதிப்போட்டன், இஞ்சை அதொண்டும் இல்லையெண்டு."

"ம்" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "அப்ப போட்டு வாறன்" என்று சொல்லி, முன்வாசல் படலையைச் சாத்தி, கொளுக்கியும் போட்டுவிட்டுப் போனார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சினார். எனக்கு ஒரு செலவும் இல்லாத ஒன்றை, தனக்காக அல்லாமல் தன் மனைவிக்காக, வாசலில் நின்று கெஞ்சினார். தன் மனைவிக்கு அவர் எழுதிய நாடு பொய்யான நாடு அல்ல. என் வீட்டு வாசல்வரை அது உண்மையாகவே இருந்தது.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன செய்யப்போறியள்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஒரேஞ்சுக் கோப்பையை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குப் போனேன்.

"எறியாதேங்கோ. எறிஞ்சா மறந்துபோவியள்."

திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

அவர்கள் வந்த சனிக்கிழமை மழை. அவர் மனைவி சேலைக்கு மேல் அவருடைய தொழிற்சாலை ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்தார். கையில் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தினோம். தேநீரை அன்று நானே போட்டேன். நான்கு பீங்கான் கோப்பைகளில் ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் எனக்குரியதை ஒரேஞ்சுக் கோப்பையில் மாற்றி ஊற்றினேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்தேன்.

முதலில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன், பிறகு அவர் கணவரான என் நண்பருக்கு, பிறகு என் மனைவிக்கு. நண்பர் தன் கையில் இருந்த பீங்கானைப் பார்த்தார். என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏன் அண்ணைக்கு மட்டும் பிளாஸ்ரிக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பர் எதை மறைக்கச் சொல்லிக் கேட்டாரோ, அதையே நான் வீட்டு நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கும்போதும் நான் என்னைப் பற்றித்தான் நினைத்திருந்தேன்.

நண்பர்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணைக்குக் கை நடுங்கும். பீங்கானைக் குடுத்தா உடைச்சுப்போட்டு அக்காட்டைப் பேச்சு வாங்குவார்."

"ஏற்கனவே ரண்டு உடைச்சாச்சு" என்றாள் என் மனைவி, ஒரு கணமும் தாமதிக்காமல்.

அந்தப் பெண் சிரித்தார். "எங்கட ஐயாவுக்கும் அப்பிடித்தான். அரைக் கப்தான் குடுக்கிறனாங்கள்." எழுந்து வந்து என் தட்டில் ஒரு பணியாரம் அதிகமாக வைத்தார்.

அவர்கள் புறப்பட்டபோது நண்பரோடு படலைவரை போனேன். "என்னை மன்னியும்" என்றேன். "தேத்தண்ணி நல்லாயிருந்தது, அண்ணை" என்றார். இரண்டு வருடம் எங்கள் குசினியைப் பார்த்துச் சொன்னதை அன்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பிறகு எத்தனையோ குடும்பங்கள் வந்தன. விமான நிலையத்தில் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். காரில் ஏறியதும் அந்த மூன்றாவது கேள்வி நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பேன். முதலில் அது வெறும் பயிற்சி. பல வருடங்கள் கழித்து ஒருநாள், விழுங்க ஒன்றும் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்தப் பெண் மட்டும் என்னைக் கை நடுங்குகிற மனிதராகவே வைத்திருந்தார். எப்போது போனாலும் எனக்கு அரைக் கோப்பைதான். பிள்ளைகளுக்கும் அது பகிடி. நானும் திருத்தவில்லை.

இதை எழுத நினைத்தபோது முதலில் நண்பரிடம்தான் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா ஒருத்தற்றை பேரும் போடவேண்டாம்" என்றார். பிறகு, "முதல் அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. நான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை" என்றார்.

போன மாதம் ரோவில்லில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மனைவி இப்போது இல்லை, தனியாகத்தான் போனேன். வழக்கம்போல அரைக் கோப்பை வந்தது. நான் சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்தேன்.

"என்ன அண்ணை, உயிலோ?" என்று நண்பரின் மனைவி சிரித்தார்.

மேலே எழுதியிருப்பதை, படலையில் மன்னிப்புக் கேட்டதுவரை, வாசித்தேன். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். முடித்ததும் அந்தப் பெண் கணவரைப் பார்த்தார்.

"ரண்டு வருசமும் அந்தக் கப்பிலையோ குடிச்சனீங்கள்?"

"ஓம்."

அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்குக் கை நடுங்கேல்லையோ?"

"அப்ப இல்லை. இப்ப நடுங்குது" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். மறைக்க முடியாதபடி நடுங்கியது.

அவர் எழுந்து தேநீர்க் கேத்தலைக் கொண்டுவந்தார். என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார்.

"ரண்டு கையாலையும் பிடியுங்கோ" என்றார்.