கலிங்கைத் தாண்ட ஒரு டயர்

என் தங்கை வீட்டுக்குப் போகும் பாதையில் மூன்று வகைத் தரை உண்டு. கீரமங்கலத்திலிருந்து பிரிகிற தார்ச்சாலை முதலில். அது முடிந்ததும் செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த வண்டிப்பாதை. அதன் இருபுறமும் சீமைக்கருவை. கடைசியில் கண்மாய்க்கரையை ஒட்டி, கலிங்குக்குக் கீழே ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழியும் நாட்களில் அந்த ஓடையின் தரை வழுவழுப்பான களிமண் சேறாகிவிடும். நடந்து போனால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஓடைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள் வீடு.

வருடத்தின் பெரும்பகுதி இதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் தங்கையின் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு செவ்வாயும் சனியும் அவரைப் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டு போயாக வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களுடைய பிக்கப் வண்டி ஓடையில் சிக்கியது. டிராக்டர் வந்து இழுத்துக் கரையேற்றுவதற்குள் அவருடைய முறை போய்விட்டது. அந்த வாரமே மூச்சுத் திணறி, உட்கார்ந்தபடியே தூங்கும் நிலைக்கு வந்துவிட்டார்; கடைசியில் அவசரப் பிரிவில் சேர்த்தோம். தப்பித்தார். இன்னொரு முறை இப்படித் தவறினால் இதயம் தாங்காது என்று மருத்துவர் என்னையும் தங்கையையும் வெளியே அழைத்துச் சொன்னார்.

திருக்கோகர்ணத்தில் என் வீட்டு மாடி காலியாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடியும் வரை வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன்.

"மச்சான், ஒங்க மாடியில படுத்துக்கிட்டு நான் என்ன செய்யிறது? டவுன் பஸ்ஸ எண்ணவா?" என்றார் அவர். "தோப்புல இருந்தா, தண்ணி வாய்க்காலோட போகுதா, வரப்ப ஒடச்சுக்கிட்டுப் போகுதான்னாச்சும் பாப்பேன்."

தங்கை என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அவரு இங்க இருந்தாத்தாண்ணே எந்திரிச்சு நடக்குறாரு. அங்கிட்டு வந்தா படுத்துருவாரு. மாத்த வேண்டியது எடத்த இல்ல, டயர."

தேங்காய் ஏற்றுவதற்காக வாங்கிய பழைய வண்டி அது. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி. எஞ்சினில் குறை இல்லை. ஆனால் மாட்டியிருந்தது சாதாரண ரோட்டு டயர். அதன் மெல்லிய கோடுகளுக்குள் களி அப்பிக்கொண்டால் டயர் வழித்த தேங்காய் ஓடு மாதிரி ஆகிவிடும். அன்று நான்கு சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்து வழுக்கியதுதான் நடந்தது.

டயர் வாங்குவதில் என்னுடைய வழி காகித வழி. கம்பெனிக்காரர்கள் வெளியிடும் விவரங்களைப் படித்து, ரோட்டு டயர், சேற்றுக்கான மட் டயர், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆல் டெரைன் என்று மூன்றாகப் பிரித்து, எது எதற்கு ஆகும் என்று எழுதிக்கொண்டு போனேன். தங்கை முழுவதையும் பொறுமையாகப் படித்தாள். தாவரவியலில் பட்டம் வாங்கியவள். எதையும் பாதியில் விடமாட்டாள். படித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கருவ முள்ளுக்கு என்ன ஆகும்னு இதுல எங்கண்ணே போட்டுருக்கு?"

எங்கும் போட்டிருக்கவில்லை. சறுக்குப் பாறைக்கும் பனிக்கும் பாலைவன மணலுக்கும் படம் போட்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் வண்டிக்கு முதல் எதிரி முள்தான்.

"அப்ப வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவோம்" என்றாள்.

புதுக்கோட்டைச் சந்தைக்கு ஆடு கொண்டுவரும் வண்டிகள் எங்கெங்கிருந்தோ வருகின்றன. முள்காடு, சரளை, கண்மாய் உள்வாய்ச் சேறு எல்லாவற்றிலும் உருண்டுவிட்டு அங்கே வரிசையாக நிற்கின்றன. எந்த டயர் எப்படி உழைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல கண்காட்சி கிடையாது. ஆனால் அதை அப்படிப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. தங்கை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுத் தடவினாள். ஒடிந்த முள் முனை தட்டுப்பட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஓர் ஆட்டு வியாபாரி வேகமாக வந்தார். "என்னம்மா, ஆடு பாக்க வந்தியா, டயரு பாக்க வந்தியா?"

"டயருதாண்ணே. எத்தன பஞ்சர் போட்டீங்க இதுக்கு?"

"அத ஏன் கேக்குற. பஞ்சர் கடைக்காரன் மக கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகை எனக்குத்தான் வச்சான்."

அவருடையது மட் டயர். பெரிய பெரிய கட்டைகள், நடுவில் அகலமான பள்ளங்கள். சேற்றை வாரி எறிவதில் அதற்கு நிகர் இல்லை என்றார். ஆனால் முள் கட்டையைத் துளைத்து உள்ளே போவதில்லை. அந்தப் பள்ளத்தில், ரப்பர் மெலிதாக இருக்கும் இடத்தில்தான் ஏறுகிறது. கட்டைகள் நெருங்கி நிற்கும் ஆல் டெரைன் டயர்களில் முள் முனைகள் கட்டையிலேயே ஒடிந்து நின்றிருந்தன. காற்றறை வரை போகவில்லை. வண்டிக்கு வண்டி இதைச் சரிபார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள். அந்தக் காலைப் பொழுதில் சந்தையில் ஓர் ஆட்டைக்கூட நிமிர்ந்து பார்க்காதவள் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

இருந்தும் மட் டயரை அவள் உடனே ஒதுக்கிவிடவில்லை. ஓடைக்கு அதுதானே உறுதி. ஆலங்குடியில் ஓர் உறவினரின் ஜீப்பில் அந்த டயர் இருந்தது. அதில் கீரமங்கலம் வரை கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பின்னிருக்கையில் நான் இருந்தேன். அவள் முன்னிருக்கையைச் சாய்த்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நானும் உறவினரும் பேச்சைக் குறைத்தோம். இறங்கியதும் சொன்னாள்:

"டயரு சத்தம் காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரியே இருக்குண்ணே. டயாலிசிஸ் முடிஞ்சு வாரப்ப அவருக்கு மண்டையெல்லாம் வலிக்கும். இப்படித்தான் சாஞ்சுக்கிட்டு வருவாரு. இத அவரு தாங்க மாட்டாரு."

அவள் தூங்கவில்லை. அவருடைய இடத்தில், அவர் உட்காரும் விதத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கவனிப்பது எனக்குக் கைவந்தது என்று ஒரு நினைப்பு உண்டு. இந்த அளவு கவனிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, ஆல் டெரைன். புதுக்கோட்டையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற இளைஞர் ஓர் அகலமான டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது.

"ஒரு சைஸ் கூட்டிப் போட்டா வண்டி செம கெத்தா இருக்கும்க்கா."

"கெத்து எதுக்கு தம்பி? எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அகலம் கூடினா மழை ரோட்டுல தண்ணி மேல மெதக்குமா, மெதக்காதா?"

அவர் சிரித்துவிட்டு, வண்டிக்குரிய அளவிலேயே ஒன்றை எடுத்து வந்தார். அந்த டயரை நான் இப்போதும் ரசிக்கிறேன். கட்டைகள் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒன்றுக்கொன்று விலகி, பெரிதும் சிறிதுமாக இருந்தன. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுரத்தில் சத்தம் எழும், அதை உடைக்கத்தான் அப்படி என்று படித்திருந்தேன். ஒவ்வொரு கட்டையின் மேலும் பிளேடால் கீறியதுபோல நுண்ணிய வெட்டுகள். ஈரத் தார்ச்சாலையைப் பிடிப்பதற்கு. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள். சிக்கிய கல்லை வெளியே தள்ளுவதற்கு. தோள்பட்டை என்று சொல்லும் ஓர விளிம்பில் தடித்த பற்கள், பக்கச்சுவரிலும் கொஞ்சம் இறங்கியிருந்தன. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து சாலையையும் கல்லையும் சேற்றையும் தனித்தனியாக யோசித்து ஒரே வட்டத்தில் செதுக்கியிருக்கிறார். தயாரித்த வாரமும் வருடமும் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும்; அதை ஒவ்வொரு டயரிலும் குனிந்து படிப்பது மட்டும் என் பங்கு. ஒன்று பழையதாக இருந்தது. மாற்றித் தரச் சொன்னேன், தந்தார்கள்.

மழை தொடங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று பயணங்கள் சுகமாக முடிந்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை பெருமழை பிடித்தது. கலிங்கு வழியத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு அன்று மாலையே நான் தோப்புக்குப் போய்விட்டேன். மறுநாள் செவ்வாய்.

காலையில் மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை கழுத்தில் துண்டோடு முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். முகமும் கணுக்காலும் வீங்கியிருந்தன. தங்கை முதலில் ஓடையை நடந்து கடந்து பார்த்தாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான், இழுப்பும் இல்லை. திரும்பி வந்து, நான்கு சக்கரத்துக்கும் கியரை மாற்றி, மெதுவாக இறக்கினாள்.

நடு ஓடைக்கு முன்பாகவே வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி முன்னால் போகவில்லை. ஓரத்துப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தபடி போகிறது. அவள் உடனே நிறுத்தினாள். போன வருடம் சிக்கிய அதே இடம் சன்னலுக்கு வெளியே தெரிந்தது.

"புது டயருதானே?" என்று நான்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். "ஏம்புள்ள, ஞாயித்துக்கிழமை தேங்கா லோடுக்குக் காத்து அடிச்சியே, எறக்குனியா?"

தங்கை தலையில் கையை வைத்துக்கொண்டாள். "எறக்கலைங்க. கல்லு மாதிரி இருக்கு."

எங்கள் பக்கத்தில் லோடு அடிக்கும் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. பின்சக்கரங்களில் தட்டினால் கணீரென்று கேட்கும் அளவுக்குக் காற்று அடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தேங்காய்ப் பாரத்தை டயர் தாங்காது என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் பாரம் இல்லாமல் அப்படியே ஓட்டினால், டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். தேடித் தேடி வாங்கிய அந்தத் தோள்பட்டைப் பற்கள் எல்லாம் காற்றில் நின்றுகொண்டிருந்தன.

அவள் தன்னை நொந்துகொள்வதில் நேரம் செலவிடவில்லை. இறங்கி, களியில் முட்டி போட்டு, ஒரு சிறு ஆணியால் வால்வு ஊசியை அழுத்தினாள். காற்று சீறியது. நான் மறுபக்கம் உட்கார்ந்து காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்துச் சொன்னேன். அறுபதில் இருந்தது இருபதுக்கு வந்தது. டயரின் வயிறு கொஞ்சம் பிதுங்கி, அகலமாகப் பரந்து உட்கார்ந்தது. பாதம் பதிப்பது என்று சொல்வோமே, அப்படி.

"இன்னும் ஒண்ணு கொறையுது" என்று பின்தொட்டியைப் பார்த்தாள். "பின்னாடி வெயிட் இல்ல. அண்ணே, நீங்க ஏறுங்க."

"நானா?"

"பின்சக்கரத்துக்கு நேர் மேல, நடுவுல உக்காந்துக்கங்க. எந்திரிச்சிறாதீங்க."

கரையிலிருந்து நனைந்த தேங்காய் மட்டைகளை அள்ளித் தொட்டியில் போட்டோம். அதன் மேல் நான் உட்கார்ந்தேன். முன்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"அரசாங்க உத்தியோகம் பாத்து மச்சான் சேத்து வச்ச சொத்து, இன்னைக்குத்தான் குடும்பத்துக்கு ஒதவுது."

"பேசாம வாங்க. மூச்சு வாங்குது ஒங்களுக்கு" என்றாள் தங்கை. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் ஏறினாள்.

வண்டி முதலில் சற்றுப் பின்னால் வந்து நேரானது. பிறகு அவள் வேகம் கூட்டாமல், நிறுத்தாமல், ஒரே சீராகச் செலுத்தினாள். மேலே இருந்து எனக்குப் பின்சக்கரம் நன்றாகத் தெரிந்தது. தோள்பட்டைப் பற்கள் களிக்குள் இறங்கின. வெளியே வரும்போது கட்டைகளுக்கு நடுவே இருந்த களி துண்டு துண்டாகத் தெறித்து, அடுத்த சுற்றுக்குக் கட்டைகள் சுத்தமாகப் போயின. நடு ஓடையில் ஒருமுறை வண்டி தயங்கியது. அவள் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினாள்; ஓரப் பற்கள் பிடித்துக்கொண்டன. சரளை நொறுங்கும் சத்தம் கேட்டபோதுதான் கரையேறிவிட்டோம் என்று தெரிந்தது. என் சட்டை முழுவதும் களி.

காற்று குறைந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாகப் போகக்கூடாது. கீரமங்கலத்தில் முதல் பஞ்சர் கடை வரை ஊர்ந்து போய், சாலைக்கு வேண்டிய அளவு அடித்துக்கொண்டோம். இந்த முறை கடைக்காரர் பழக்கத்தில் கூடுதலாக அடிக்கப் போனார். "போதும், நிப்பாட்டுங்க" என்று அவள் குழாயைக் கையாலேயே தள்ளிவிட்டாள்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறைக்கான படுக்கை தயாராக இருந்தது. செவிலியர் அவரை எடை பார்த்து, படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றினார். குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கி, இயந்திரம் சீராகச் சுழலும் வரை தங்கை கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகுதான் திரும்பினாள். முட்டி வரை காய்ந்த களி அவள் புடவையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டு, பசிக்கிறது என்றாள்.

எதிரே இருந்த கடையில் இட்லி வாங்கினோம். அவள் வேகமாகச் சாப்பிட்டாள். அவளிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அண்ணன் தங்கைக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. சட்னியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். வடகிழக்கில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா சாப்பிடுங்கண்ணே" என்றாள். "திரும்பிப் போறப்ப அவரு அசந்து கெடப்பாரு. தண்ணியும் கூடியிருக்கும். நீங்கதான் லோடு."

நான் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னேன்.