பெட்டிக்குள் வைக்காத மணல்

குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்வதில் லண்டன் லூயிஷாமில் என்னை அடிக்க ஆளில்லை என்பார்கள் என்னைத் தெரிந்தவர்கள். ஒக்ரோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் ஞாயிற்றுக்கிழமை, சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, என் நீல இரும்புப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவேன். இருக்கிறது எது, இல்லாதது எது என்று பார்த்து முடிக்கப் பொழுது மத்தியானமாகிவிடும். அப்படிப்பட்ட நான் ஒரு வருடம் ஒரு பொருளை வேண்டுமென்றே வாங்காமல் விட்டேன். அதனால் என் அம்மா இறந்தார். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில், நான் லண்டனுக்கு வந்த புதிதில், நாங்கள் ஐந்து பொடியன்கள் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஊரில் வெயிலில் குழாய் சுட்டுத்தான் பார்த்திருக்கிறோம். ஒரு சனவரி காலை கூரைக்குக் கீழிருந்த குழாய் பிளந்து, சீலிங் ஊறி, பொத்தென்று என் கட்டிலில் விழுந்தது. தண்ணீரை எங்கே பூட்டுவதென்று தெரியாமல் சோற்றுப் பானையையும் கறிச்சட்டியையும் ஏந்திக்கொண்டு மடையர்கள் மாதிரி நின்றோம். வீட்டுக்காரன் வந்து, சிங்குக்குக் கீழே கையை விட்டு ஒரு திருகு திருகினான். அவ்வளவுதான். அவன் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சனிக்கிழமையே சந்தையில் பெட்டியை வாங்கினேன்.

பிறகு நான் சொந்தமாக ஒரு சின்ன வீடு எடுத்தபோது பெட்டியும் வளர்ந்தது. குறடு, ஸ்பனர், வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றரில் காற்றுத் திறந்துவிடும் குட்டித் திறப்பு, ரோச் லைட், புது பற்றறி, குழாயைச் சுற்றுகிற பஞ்சு, ஜன்னல் இடுக்கை அடைக்கிற டேப், மெழுகுதிரி. ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, இருந்த இடத்திலேயே வைப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பை கல்லுப்பு. பனி விழுந்தால் வழுக்காமலிருக்க வாசற்படியில் தூவுவதற்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா போய், சண்டையில் வீடும் போய், கொழும்பில் யாரோ வீட்டு அறையில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வந்த முதல் ஒக்ரோபரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து என் பெட்டி வேலையைப் பார்த்தார். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவள் மாதிரி அடுக்குகிறாயே என்று சிரித்தார். ஆயுத பூசைக்குப் பெட்டியின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தவரும் அவர்தான். கலியாணம் கட்டாத என் வீட்டில் அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

டிசம்பரில் முதற்பனி விழுந்தது. நான் படியில் உப்பைத் தூவிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் படியில் ஒரு கல் உப்புக் கிடையாது. அம்மா அந்தக் குளிரில் குனிந்திருந்து, அவ்வளவையும் கையால் கூட்டி அள்ளி, ரோசாச் செடியடியில் கொட்டியிருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

"உப்பு லட்சுமியடா தம்பி. அதை ஆரும் காலாலை மிதிப்பினமே?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்து நின்றது. கவுன்சில்காரன் தெரு முழுக்க உப்புத்தான் கொட்டுகிறான், அதை மிதித்துத்தானே கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெருவில் கிடப்பது அவர்கள் பாடு, எங்கள் வாசலில் கிடப்பது எங்கள் பாடு என்றார். அதற்கு நான் சொன்னதை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

"இது யாழ்ப்பாணம் இல்லை அம்மா. இஞ்சை சாமியும் சப்பாத்தோடைதான் நடக்குது."

அம்மா முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உப்பு வேண்டாம் என்றுதானே சொன்னேன், மணலைப் போட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. மணல் போட்டாலும் கால் வழுக்காது. எனக்கே அது தெரியும். வேலைக்குப் போகும் வழியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடை வாசலிலேயே மணல் பை அடுக்கியிருந்தது. வாங்குகிறேன் என்று சொன்னேன்.

வாங்கவில்லை. மறந்து அல்ல. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பையைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நடந்தேன். இவ்வளவு தூரம் எல்லாம் யோசித்துச் செய்கிறவனுக்கு நேற்று வந்தவர் பாடம் எடுப்பதா என்ற வறட்டுக் கௌரவம். உப்புப் பையையும் குப்பையில் போட்டேன். உங்கள் இஷ்டப்படியே படி சுத்தமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெப்ரவரியில் நல்ல பனி. வியாழக்கிழமை பகலில் கொஞ்சம் உருகி, இரவு மறுபடி இறுகிவிட்டது. வெள்ளி காலை பால் போத்தல் எடுக்க நான்தான் கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்ததும் சர்ரென்று இழுத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டேன். படி முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. அம்மா வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட்டேன்.

ஒரு தரம் சறுக்கிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். சறுக்குவது என்றால், கொஞ்சம் தடுமாறி, கதவைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னது சரிதான் தம்பி என்று சொல்வார். அதற்கு மேல் என் மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

அம்மா சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் என்றார். கதவு திறந்தது. பிறகு நான் கேட்ட சத்தம் ஒரு மனிதர் விழுகிற சத்தம் மாதிரியே இல்லை. ஓடிப்போனேன். படிக்குக் கீழே ஒரு பக்கமாகக் கிடந்தார். பூத்தட்டு கேற்றடிக்குப் போயிருந்தது. நான் தூக்கப் போனபோது, நீ செருப்பில்லாமல் நிற்கிறாய், வழுக்கும், உள்ளே போ என்றார்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அம்மா பிறகு அந்த வீட்டுக்கு வரவேயில்லை. ஒப்பரேஷன் சரியாகத்தான் நடந்தது. ஆனால் படுக்கையில் கிடந்து கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா ஆகி, ஏழாவது கிழமை போய்விட்டார். அந்த ஏழு கிழமையும் நான் தினமும் போனேன். ஒரு நாளாவது அவர் என்னைத் திட்டினால் காலைப் பிடித்து அழலாம் என்று காத்திருந்தேன். சோறு சாப்பிட்டியோ என்றுதான் கேட்டார்.

அதைவிடப் பெரியது, விழுந்த அன்று மத்தியானமே நடந்துவிட்டது. அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது. ஒரு இளம் டாக்டர் கையில் தாளோடு வந்து, எப்படி விழுந்தார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"படியிலை ஒண்டும் இல்லை. தலை சுத்தினது, விழுந்திட்டன். அப்பிடியே சொல்லு தம்பி."

அப்படியே சொன்னேன். ஒரு சொல் குறையாமல், பிழையில்லாத இங்கிலிஷில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, அம்மாவுக்கு இதற்கு முன்னரும் தலை சுற்றியிருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அம்மாவிடம் கேட்கச் சொல்லவில்லை. கூட இருக்கிற மகன் என்று என்னைத்தான் கேட்டார். அம்மாவுக்கு ஒருநாளும் தலை சுற்றி நான் கண்டதில்லை.

இடைக்கிடை சுற்றும் என்றேன்.