விபூதித் தட்டுக்குப் பக்கத்தில்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிரவீனாவுக்குப் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ். ஷிப்ட் மாறி உடம்பு அலுத்தால் போதும், கொப்புளம் கிளம்பிவிடும். எரிச்சலில் நடக்க முடியாத நாட்களில், வீட்டுக்குத் தூரம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு விளக்கேற்றாமல் படுத்துக்கொள்வாள். ஒரே மாதத்தில் மூன்றாம் முறை சொன்னபோது மாமியார் பயந்துபோனார்.

"கர்ப்பப்பையில ஏதோ கோளாறும்மா, ஸ்கேன் எடுப்போம் வா."

அன்றே பிரவீனா தனியாகக் கிளினிக்குக்குப் போனாள்.

"தினமும் மாத்திரை போட்டா அடிக்கடி வராது. ஆனா முழுசா போயிடாது," என்றார் டாக்டர்.

"குறைஞ்சா போதும் டாக்டர், எழுதிக் குடுங்க."

மறுநாள் விளக்கேற்றிவிட்டு, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த மாத்திரையை மாமியார் பார்க்கும்படியே விழுங்கினாள்.

"கீழ புண்ணு வர்ற நோவுக்கு, அத்தை. தூரம்னு சொன்னதுல பாதி பொய். இனிமே நோவுன்னா நோவுன்னே சொல்லிட்டுப் படுப்பேன்."